கடைசி வாங்கில் உறங்குபவன்



வகுப்பாசிரியர் விடுமுறையில் நிற்க, அவருக்குப் பதிலாக வரும் ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கது. அவர் ஒரு தவணையோடு போய்விடுவார் என்பதை மாணாக்கர் நன்கு அறிவர். அவருடைய கோபத்துக்கு அவர்கள் அஞ்சுவதில்லை. அவருடைய பாராட்டையும் பெரிதாக எண்ணுவதில்லை.

தெல்லிப்பழையைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர், நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், மகப்பேற்று விடுமுறையில் சென்ற ஓர் ஆசிரியைக்குப் பதிலாகத் தரம் 11 மாணவருக்குக் கணிதம் படிப்பித்தார். சிறிய பாடசாலை, பத்தொன்பது பிள்ளைகள். முதல் நாள் அவர் இயற்கணிதச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதித் திரும்பியபோது, பலருடைய கொப்பி திறக்கப்படவேயில்லை. கடைசி வாங்கில் ஒருவன் தலையைக் கவிழ்த்து உறங்கிக்கொண்டிருந்தான். ஏசிப் பார்த்தார். வெளியே நிறுத்திப் பார்த்தார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைச் சொல்லிப் பயமுறுத்தியும் பார்த்தார். "எங்களுக்கு வராது சேர், நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்?" என்று ஒரு மாணவி சொன்னாளாம். அவள் துடுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்காக இரங்கிச் சொன்னாள் என்பதுதான் அவரை வருத்தியது.

இது நிகழ்ந்தது கல்விக்குப் பேர்போன ஊரில். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த தானியேல் பூவர் வந்து பள்ளி தொடங்கிய இடம் தெல்லிப்பழை. யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனாவை நிறுவியதும் இங்கேதான். இத்தகைய மண்ணில் "எங்களுக்கு வராது" என்ற சொல் எங்கிருந்து வந்தது?

முதற் காரணம் யாவரும் அறிந்ததே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். இன்றைய பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் அப்போது சிறுவர்கள். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும், பிற பாடசாலைகளின் மாலை நேர வகுப்புகளிலும் படித்தவர்கள், அல்லது படிக்காமல் விட்டவர்கள். அவர்களால் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து வழிகாட்ட இயலவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மற்றக் காரணத்துக்கு யுத்தத்தைச் சாட்ட முடியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் கூடிய புள்ளி பெற்றவர்கள் நகரப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். எஞ்சிய பிள்ளைக்குப் பத்து வயதிலேயே ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. அதை எவரும் வாயாற் சொல்வதில்லை. காலியான கதிரைகள் சொல்கின்றன. அதன்பின் ஆறு வருடங்கள் அவன் வகுப்பேற்றப்பட்டு வருகிறான். 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது, நல்ல காரியமே. ஆனால் சட்டம் பிள்ளையை வாங்கில் இருத்தலாம், அவ்வளவுதான். முயன்று தோற்றால் 'மக்கு' என்ற பெயர். முயலாமல் தோற்றால் 'சோம்பேறி' என்ற பெயர். இரண்டில் எது மானத்துக்குக் குறைவான சேதம் தரும் என்று அவன் கணக்குப் பார்த்துவிட்டான். நாம் அக்கறையின்மை என்பது பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான்.

நிற்க. 1841 டிசம்பர் 8ஆம் நாள் தூரின் நகரில், கோவிலின் பின்னறையில் நின்ற மேசன் வேலைகாரப் பையன் ஒருவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் பொஸ்கோ அவனைத் திருப்பி அழைத்தார். வாசிப்பாயா, எழுதுவாயா, பாடுவாயா என்று வினவ, எல்லாவற்றுக்கும் இல்லை என்ற விடையே வந்தது. பிறகு, சீட்டியடிப்பாயா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அவனுக்கு வரும் ஒன்றைத் தேடும்வரை அந்தக் குருவானவர் வினாவை நிறுத்தவில்லை.

நம் இளைஞரும் இரண்டாம் கிழமை வினாவை மாற்றினார். உறங்குபவனை எழுப்பி, இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று மட்டும் கேட்டார். அவன் விடியமுன் எழுந்து வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பவன் என்பது அப்போதுதான் தெரிந்தது. "இரண்டு பரப்புக்கு இறைக்க ஒன்றரை மணித்தியாலம் என்றால் மூன்று பரப்புக்கு?" என்றார். "இரண்டேகால்" என்றான் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே. ஆசிரியர் அதைப் பலகையிற் பின்னமாக எழுதிக் காட்டினார். "இதுதானா பின்னம்?" என்றான் பையன்.

அன்று முதல் எல்லாரும் கணிதப் புலிகளாகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இருவர் கடைசிவரை கொப்பி திறக்கவில்லை. ரியூற்றரிக்குப் போகும் மூவர், பாடத்திட்டம் முடியவில்லை என்று முறையிட்டனர். அவர்கள் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நின்றுபோனார் என்று தேடினார். ஒருவன் தரம் ஆறின் பின்னத்தில், இன்னொருத்தி மறை எண்களில், ஒருவன் வாய்பாட்டிலேயே. பதிலாக வந்தவர் ஆகையால், யார் கெட்டிக்காரன், யார் மக்கு என்ற பழைய பட்டியல் அவரிடம் இருக்கவில்லை. நிரந்தர ஆசிரியருக்கு வாய்க்காத வசதி அது.

தவணை முடிந்து ஆசிரியை திரும்பியபோது அவர் ஒரு தாளைக் கையளித்தார். பத்தொன்பது பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நின்றுபோன இடம். ஆசிரியை அதை நெடுநேரம் பார்த்தார். மூன்று வருடமாக அதே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். பின்பு அதை மடித்து வரவு இடாப்பினுள் வைத்துக்கொண்டு, "இவன் இப்பவும் நித்திரையா?" என்று கேட்டாராம்.

"திங்களும் வியாழனும் மட்டும், மிஸ். அந்த இரண்டு நாளும் இறைப்பு" என்றார் இளைஞர்.