அசெம்பிளி திறக்கவில்லையா, மகள்?



புரொஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய வாரத்தில்தான், பல பாகங்களை ஒன்றாகப் பொருத்தி வரைந்த அசெம்பிளிக் கோப்பு திறக்க மறுக்கும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பிள்ளையும் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் பழகும் பிள்ளையும் அந்த நேரத்தில் ஒரே மாதிரித்தான் பதறுகிறார்கள். திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள். அரைகுறையாகத் திறந்ததும் 'சேவ்' கொடுத்துவிடுகிறார்கள். அதுவரை மீட்கக்கூடியதாக இருந்த கோப்பு அந்த சேவில் உண்மையாகவே அழிந்துவிடலாம். கையை எடுத்துவிட்டு, அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்.

சொலிட்வேர்க்ஸ், இன்வென்டர் போன்ற வரைதல் மென்பொருள்களில் வழக்கமாக ஒவ்வொரு பாகமும் தனிக் கோப்பு. அசெம்பிளிக் கோப்பு அந்தப் பாகங்களைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. அவை எந்தக் கோப்புறையில் கிடக்கின்றன, எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் நிற்கின்றன, எது எதோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்ற விபரங்களைத்தான் அது வைத்திருக்கிறது. ஆகவே 'பழுதாகிப் போச்சு' என்று பிள்ளைகள் கொண்டுவரும் கோப்புகளில் பல பழுதானவையே அல்ல. கல்லூரிக் கணினியிலிருந்து அசெம்பிளியை மட்டும் பென் டிரைவில் எடுத்துவந்து வீட்டில் திறந்தால், அது பாகங்களைத் தேடிக் காணாமல் நிற்கும். அவ்வளவுதான். பாகங்களைக் கொண்டுவந்து, புதிய இடத்தைக் காட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும். சொலிட்வேர்க்ஸில் கோப்பைத் திறக்கும் சாளரத்திலேயே 'ரெஃபரன்சஸ்' என்ற பொத்தான் அதற்காக இருக்கிறது.

உண்மையான பழுது வேறு. கோப்பு சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது அது இடையில் தடைப்பட்டால் பழுது வரும். நம் நாட்டில் இதைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட தடங்கலால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. சேவ் ஓடிக்கொண்டிருந்த கணினி யுபிஎஸ் இல்லாமல் அணைந்தால் கோப்பு பாதியில் நின்றுவிடும். சேவ் முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கினாலும் அதே கதிதான்.

இனி மீட்பு. முதலில் முழுக் கோப்புறையையும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடு. பிரதியில் மட்டும் கைவை. அடுத்து, கோப்பின் அளவைப் பார். பூச்சியம் பைட் என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை, நேராகப் பழைய பிரதியைத் தேடு. இன்வென்டர் ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய வடிவத்தை 'ஓல்ட்வேர்ஷன்ஸ்' என்ற கோப்புறையில் போட்டுவைக்கும். ஓட்டோகாட் 'பேக்' என்ற பின்னொட்டோடு ஒரு பிரதி வைக்கும். பின்னொட்டை 'டிடபிள்யூஜி' என்று மாற்றினால் திறக்கும். வரைபடமே கெட்டிருந்தால் 'ரிகவர்', 'ஓடிட்' என்ற இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஃபிரீகாட்டில் இன்னொரு வசதி உண்டு. அதன் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. பின்னொட்டை ஸிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே பாகங்களின் வடிவங்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மீட்கலாம்.

'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று சொலிட்வேர்க்ஸ் சொன்னால் பயப்படாதே. மென்பொருள் திடீரென நின்றபோது, அலைக்குறியும் டொலர் குறியுமாகத் தொடங்கும் ஒரு மறைந்த பூட்டுக் கோப்பு அழியாமல் கிடந்திருக்கும். எல்லாக் கணினியிலும் மென்பொருளை மூடிவிட்டு அதை அழித்தால் போதும்.

திறக்கத் தொடங்கியதுமே மென்பொருள் நின்றுபோனால், குற்றவாளி அசெம்பிளியாக இல்லாமல் ஒரே ஒரு பாகமாக இருக்கலாம். பாகங்களை எல்லாம் வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு அசெம்பிளியைத் திற. கேட்கும் பாகங்களைத் தவிர்த்துவிடச் சொல். திறந்தால், மூடிவிட்டுப் பாதிப் பாகங்களைத் திருப்பி வைத்து மறுபடி திற. நின்றுபோனால் பிழை அந்தப் பாதிக்குள். இல்லாவிட்டால் மற்றப் பாதிக்குள். அறுபத்து நான்கு பாகங்கள் உள்ள அசெம்பிளியிலும் ஆறேழு முறைக்குள் அந்த ஒன்றைப் பிடித்துவிடலாம்.

இனி, பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் மேட் பிணைப்புகளுக்கு வருவோம். வரைபடத்துக்குள் உறவுகளை எழுதிவைத்து, கணினியே அவற்றைக் கடைப்பிடிக்கச் செய்யும் யோசனையை 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து தன் 'ஸ்கெட்ச்பாட்' மென்பொருளில் செய்து காட்டினார். இன்றைய கணக்கும் அதுதான். எதனோடும் பிணைக்காத பாகத்துக்கு ஆறு வகை அசைவு: மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி. ஒரு தட்டையான முகத்தை இன்னொன்றோடு ஒட்டினால் மூன்று போகும். ஒரு துளையை இன்னொரு துளையோடு மையம் பொருத்தினால் நான்கு போகும்.

இரண்டு போல்ட் துளை உள்ள ஒரு தட்டைப் பொருத்தும்போது முகத்தை ஒட்டி, இரு துளைகளையும் மையம் பொருத்துவது எல்லாரும் செய்வது. மூன்றும் நான்கும் நான்கும் பதினொன்று. இருப்பதோ ஆறு அசைவு. இரு துளைகளின் இடைவெளி 80 மில்லிமீற்றர் என்று இரு பக்கமும் சரியாக ஒத்திருக்கும்வரை மென்பொருள் பேசாமல் இருக்கும். ஒரு பக்கம் 80.1 ஆனால் சிவப்புக் குறி வந்துவிடும். அதற்குப் பதிலாக முகம், ஒரு துளை, பக்கத் தளங்கள் இரண்டுக்கும் ஒரு சமாந்தரப் பிணைப்பு. அவ்வளவு காணும்.

சிவப்புக் குறி பத்து வந்தால் பத்தையும் திருத்த வெளிக்கிடாதே. மேலே இருக்கும் முதல் பிழையைத் திருத்து. கீழே உள்ளவை பலநேரம் அதன் பிள்ளைகள்தான். எது முதல் பிழை என்று தெரியாவிட்டால், கடைசியாகச் சேர்த்த பிணைப்பிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்துப் பார்.

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை வரைவதாக வைத்துக்கொள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் வாவிக்கு மேலே அருகருகே நிற்கின்றன. பழையதன் இரும்புச் சட்டகத்தை வரையும்போது முதல் கம்பியோடு இரண்டாவதை, இரண்டாவதோடு மூன்றாவதை என்று கோத்துக்கொண்டு போனால், முதல் கம்பியின் நீளத்தை மாற்றிய அன்று மறுகரை வரை எல்லாம் இடம்பெயரும். அதற்குப் பதிலாக, கம்பிகளின் அச்சுக்கோடுகள் மட்டும் உள்ள ஒரு எலும்புக்கூட்டு வரைவை முதலில் போட்டு, அதை நிலையாக இறுக்கிவிடு. ஒவ்வொரு கம்பியையும் அந்த வரைவோடு மட்டும் பிணை. அளவு மாறினால் ஒரே இடத்தில் மாற்றலாம். ஒரு கம்பி கெட்டாலும் அடுத்தது அசையாது.

பாகத்தின் முகத்தையும் விளிம்பையும் பிடித்துக் கட்டுவதையும் குறை. பாகத்தில் ஒரு துளையைக் கூட்டினால், நேற்று ஆறாம் முகமாக இருந்தது இன்று ஏழாம் முகம் ஆகிவிடலாம். பிணைப்பு பிழையான முகத்துக்குப் போய்விடும். ஃபிரீகாட் பயன்படுத்துவோர் பல ஆண்டுகள் இந்தச் சிக்கலோடுதான் வேலை செய்தார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெரிதும் குறைத்தது. எந்த மென்பொருளானாலும் மூலத் தளங்களையும் அச்சுகளையும் பிடித்துக் கட்டுவதே பாதுகாப்பு.

மென்பொருள் பதிப்புகள் ஒத்துவராமல் வரும் சிக்கலும் உண்டு, அது பெரிய இடங்களிலும் நடக்கும். எயார்பஸ் ஏ380 விமானம் ஒன்றுக்குச் சுமார் 530 கிலோமீற்றர் வயர் வேண்டியிருந்தது. ஹம்பேர்க்கில் வயர்க் கட்டுகளை வரைந்தவர்கள் கேட்டியா என்ற வரைதல் மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஒரு பக்க மாற்றம் மறுபக்கத்துக்குச் சரியாகப் போகவில்லை. உடலுக்குள் பொருத்தப் பார்த்தபோது வயர்கள் நீளம் போதாமல் நின்றன. 2006இல் தாமதத்துக்குமேல் தாமதம் அறிவிக்கப்பட்டு, முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கைக்குப் போனது.

கல்லூரியில் ஒரு பதிப்பு, வீட்டில் ஒரு பதிப்பு என்று நீ வைத்திருப்பதும் அதே வகைச் சிக்கல்தான். புதிய பதிப்பில் சேவ் செய்ததைப் பழையது வழக்கமாகத் திறக்காது. வேறு வழியே இல்லாவிட்டால் 'ஸ்டெப்' கோப்பாக அனுப்பலாம். ஆனால் அதில் வடிவமும் பாக அடுக்கும்தான் போகும், மேட் பிணைப்புகள் போகாது.

இன்றைக்கு இரண்டு வேலை செய், மகள். கூட்டாக வேலை செய்யும் எல்லாரிடமும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு ஒன்றுக்கு வாருங்கள். பிறகு உன் அசெம்பிளியைத் திறந்து 'பேக் அண்ட் கோ' கொடுத்து, பாகங்களோடு சேர்த்து இன்றைய திகதி போட்ட ஒரு கோப்புறையில் வை. அதை இன்னொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த மேட்டைப் போடு.