“அக்கவுண்டு மட்டும்தான கொடுத்தேன்?”

தூத்துக்குடி துறைமுகச் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் என் வேலைக்காலம் கழிந்தது. ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டதால், தெருவில் யாருக்கு பேங்க் நோட்டீஸ் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். மனு எழுதித் தருவேன். சில சமயம் ஸ்டேஷனுக்கும் கூடப் போவேன். ஒருவர் பெயரை வைத்து இன்னொருவர் பணம் சுருட்டினால் ஜெயில் எத்தனை வருஷம் என்றுதான் எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் பெயரை எவனோ திருடினானா, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்களா? திருட்டு என்றால் நீங்கள் புகார்தாரர். கொடுத்தது என்றால் அதே பிரிவுகளில் எதிரி வரிசையில் நிற்பீர்கள்.

எங்கள் ஊர்க் கணக்கில் பிறந்த தீர்ப்பு

2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவருக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய கணக்கு தூத்துக்குடி கிளையில் இருந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பாவிட்டால் கணக்கே இல்லாமல் போகும் என்றது அந்த அஞ்சல். அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் மும்பையில் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 4.6 லட்சத்தை அங்கே ஒரு கிளையில் எடுத்தும்விட்டார்கள்.

தன் ரகசிய விவரத்தைக் காக்கத் தவறியது வாடிக்கையாளர்தான் என்பது வங்கியின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நடுவராக இருந்த தமிழக ஐ.டி. துறைச் செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார் அதை ஏற்கவில்லை. 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் வங்கிக்கு உத்தரவிட்டார்.

இந்த வழக்கை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மனிதருக்குப் பணம் தரச் சொன்னது கிரிமினல் கோர்ட் அல்ல. அச்சட்டத்தின் 46-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கும் வழி தனியாக இருக்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநில ஐ.டி. செயலாளரிடமே கொண்டு போகலாம். திருடனுக்குத் தண்டனை வாங்கித் தருவது ஒரு வழி, உங்கள் பணத்தை மீட்பது வேறு வழி. ஒன்றில் மனு போட்டால் மற்றது தானாக நடந்துவிடாது.

ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி ஓ.டி.பி.யை வாரி வழங்கிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தகவல் தரும் நிமிடம் வரையிலான இழப்பை அவர் தலையில்தான் வைக்கிறது. தகவல் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்திருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது.

எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்

2007-இல் ‘அடையாளத் திருட்டு’ என்று பெயர் சொல்லித் தண்டிக்கும் பிரிவு ஐ.டி. சட்டத்தில் இல்லை. 2008-இல் திருத்தம் கொண்டுவந்து, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அடுத்தவரின் கடவுச்சொல், மின் கையொப்பம், அவருக்கே உரிய அடையாளம் எதையும் மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி. கணினியோ கைப்பேசியோ வைத்து ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66-டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை.

“மூணு வருஷம்தானா, அதுவும் ஜாமீன் உண்டா?” என்று சலித்துக்கொள்வார்கள். எஃப்.ஐ.ஆரில் இந்த இரண்டு பிரிவு மட்டும் நிற்பதில்லை என்பதே பதில். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) கூடவே வரும். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு 7 ஆண்டு வரை. பழைய 420-தான் இது. ஜாமீனில் விட முடியாதது. ஆள்மாறாட்டத்துக்கு 319(2), 5 ஆண்டு வரை. ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரித்தால் 336(3), 7 ஆண்டு வரை. கும்பலாகத் தொடர்ந்து இதே தொழில் செய்பவர்கள் மேல் 111 பாய்ந்தால் குறைந்தது 5 ஆண்டு, கூடினால் ஆயுள். அபராதமும் 5 லட்சத்துக்குக் குறையாது.

பொய் சொல்லி வேறொருவர் பெயரில் சிம் வாங்கினால், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கெல்லாம் மேலே, தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2014 முதல் சைபர் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

வாடகைக்குப் போன பாஸ்புக்

முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டாலும் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு இளைஞன், கடல் சரியில்லாத ஒரு மாசத்தில், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, புது சிம் மூன்றையும் ஒரு கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஐயாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். ஆன்லைன் கம்பெனிக்கு ‘டிரான்ஸாக்‌ஷன்’ காட்ட வேண்டும் என்று சொன்னானாம் கூட்டாளி. கொஞ்ச நாளில் கணக்கு முடங்கியது. வேறு மாநிலத்து சைபர் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

“அண்ணாச்சி, நான் அக்கவுண்டு மட்டும்தான கொடுத்தேன்? ஒத்தப் பைசா எடுக்கலையே” என்றான்.

எடுக்கவில்லைதான். ஆனால் ஏமாந்தவர்களின் பணம் வந்து இறங்கியது அவன் பெயரில். ஐயாயிரம் வாங்கியிருக்கிறான். கார்டோடு சிம்மையும் கொடுத்ததால் ஓ.டி.பி. போகும் வழியையும் திறந்துவிட்டிருக்கிறான். போலீஸ் இதைக் கூட்டுச்சதி என்று பார்க்கும். தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாமல்தான் செய்தான் என்று நம்புவதற்குக் காரணம் காட்ட வேண்டும். வள்ளத்தைக் கேட்டு வருகிறவனிடம் எதை ஏற்றப்போகிறாய் என்று கேட்காமல் கொடுக்கும் ஆள் இந்தக் கரையில் யாரும் இல்லை. அக்கவுண்டை மட்டும் கேட்காமல் கொடுக்கிறார்கள்.

துறைமுகத்தில் நடக்கும் திருட்டு

எங்கள் தொழிலில் இதற்கு வேறு முகம். இறக்குமதி செய்ய ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த 2017 முதல் பான் எண்ணே ஐ.இ.சி. எண். ஆகவே ஒரு ஏழையின் பான் கார்டு கையில் கிடைத்தால், அவர் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, ஜி.எஸ்.டி. எடுத்து, கண்டெய்னரே வரவழைத்துவிடலாம். உள்ளே கடத்தல் சரக்கு இருந்து பிடிபட்டால், தாளில் இருப்பது அந்த ஏழையின் பெயர்.

இதைத் தடுக்கத்தான் சுங்கத் தரகர்களுக்கான 2018 விதிகளில் 10(n) இருக்கிறது. இறக்குமதியாளர் யார், சொன்ன முகவரியில் இயங்குகிறாரா என்று தரகர் நம்பகமான ஆவணம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை புதிய பார்ட்டி ஒருவருக்காக அப்படி முகவரி தேடிப் போனேன். ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி பெயரைச் சொன்னேன்.

“கம்பெனியும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுய்யா. எம் மவன் லாரில்லா ஓட்டுதான்.”

ஃபைலில் இருந்த ஜெராக்ஸைக் காட்டினேன். பான் கார்டு மகனுடையதுதான், கரண்ட் பில்லும் அந்த வீட்டுடையதுதான். வாடகை ஒப்பந்தம் மட்டும் பொய். அதில் இருந்த கையெழுத்து பான் கார்டில் இருந்ததோடு ஒட்டவே இல்லை. பர்சனல் லோன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் ஒருவரிடம் பான், போட்டோ, கரண்ட் பில் எல்லாம் கொடுத்ததாக மகன் பிறகு சொன்னார். லோன் வரவில்லை.

எங்கள் ஆபீஸ் அந்தப் பார்ட்டியை எடுக்கவில்லை. மகனை அன்றைக்கே சைபர் கிரைமில் மனு கொடுக்கச் சொன்னேன். சரக்கு எதுவும் வந்து இறங்குவதற்கு முந்தைய தேதி போட்ட புகார் கையில் இருப்பது பெரிய காப்பு. சுங்கச் சட்டத்தில் பொய் ஆவணத்துக்கு 114ஏஏ பிரிவின் கீழ் சரக்கு மதிப்பைப் போல 5 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். கடத்தலுக்கு 135-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அந்த லாரி டிரைவரும் சங்கு குளிக்கும் பையனும் ஒரே மாதிரி ஏழைகள். ஒருவர் கடனுக்காகக் காகிதம் கொடுத்தார். அதை வேறு எதற்கோ திருப்பினார்கள். மற்றவன் பயன்படுத்தச் சொல்லியே கொடுத்தான். சட்டம் இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியவை

ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து எண்களின் மேல் ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். ஆதாருக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே சொல்லி நிறுத்தலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், உங்கள் பெயரில் யாராவது பதிவு எடுத்திருந்தால் தெரிந்துவிடும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்காத கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

முள்ளக்காட்டு உப்பளங்களில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்பில் கிடந்து விரல் ரேகை தேய்ந்திருக்கும். கைரேகை மெஷினில் பணம் எடுக்கும்போது “விழலக்கா, மறுபடி வைங்க” என்பார் மெஷின்காரர். உண்மையாகவே விழாமல் போவதுண்டு. விழுந்து பணம் கழிந்த பிறகும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் சீட்டு கேளுங்கள், விழாததற்கும் கேளுங்கள். மற்ற நாட்களில் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வையுங்கள். அடுத்தவர் ரேகையைத் திருடிப் பணம் எடுப்பதும் 66-சி குற்றமே.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன். அடுத்தவன் எடுப்பதற்குள் பணத்தை வழியிலேயே நிறுத்த முடிவது அந்த முதல் மணி நேரத்தில்தான். யு.பி.ஐ. என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத் தயாராக வையுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் தகவல். சீல் போட்ட நகலோ மின்னஞ்சல் பதிலோ கையில் இருக்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அது மனு வாங்கியதற்கான சீட்டு மட்டுமே. கடன் நிறுவனமும் நீதிமன்றமும் எஃப்.ஐ.ஆர். நகலைத்தான் கேட்கும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) இதற்கு இடம் தருகிறது. மனுவில் ‘என் பெயரை யாரோ தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆவணம், யாரிடம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கொடுத்த நோக்கம் தெளிவாக இருந்தால்தான் நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள்

அக்கவுண்டை வாடகைக்கு விட்டவர்கள் போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே கிளைக்குப் போய் கார்டையும் இணைய வங்கியையும் நிறுத்துங்கள். சிம்மைத் தடுங்கள். வாங்கிய ஆளின் போன் எண், அவர் அனுப்பிய பணத்தின் விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வக்கீலோடு, நீங்களாகவே சைபர் கிரைமுக்குப் போங்கள். வழக்கே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தானாக வந்து சொன்னவரையும் தேடிப் பிடிக்கப்பட்டவரையும் போலீஸும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, ஜாமீன் மனுவைப் படிக்கும் நீதிபதியும் பார்ப்பதில்லை. அந்தச் சங்கு குளிக்கும் பையனை நான் அனுப்பியதும் அப்படித்தான்: முதலில் வக்கீலிடம், மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு.