இறுதி நோயில் பெற்றோரைப் பேணுதல்: திருவனந்தபுரம் காட்டும் வழி

மருத்துவத்தின் முன்னேற்றத்தைக் குணமடைந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். குணமாக்க இயலாத நோயாளிக்கு ஒரு சமுதாயம் என்ன செய்கிறது என்பதும் அதற்கு இணையான அளவுகோலேயாகும். முற்றிய கல்லீரல் புற்றுநோயால் தந்தையோ தாயோ படுக்கையில் விழும்போது, அக்குடும்பம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கிறது. இதற்கு விடை காண முனைந்த நகரங்களுள் திருவனந்தபுரம் சிறப்பிடம் பெறுகிறது.

நோயின் தன்மை

2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 8,66,000 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 7,58,000 பேர் அதனால் உயிரிழந்தனர். இவ்விரு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதே நோயின் கடுமையை உணர்த்தும். கல்லீரல் நீண்ட காலம் துன்பத்தை வெளிக்காட்டாத உறுப்பு. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி வைரஸ்கள், மதுப்பழக்கம், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புப் படிவு ஆகியவை அதனை ஆண்டுக்கணக்கில் நலிவுறச் செய்கின்றன. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, உடல் மெலிந்த பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். அந்நிலையில் அறுவையோ மாற்றுக் கல்லீரலோ பெரும்பாலோருக்குப் பொருந்துவதில்லை.

எனினும், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னும் கூற்று சரியன்று. நோயை அகற்ற இயலாவிட்டாலும் வலியையும் வாந்தியையும் அரிப்பையும் அச்சத்தையும் தணிக்க இயலும். இதுவே நோய்த் தணிப்புச் சிகிச்சை எனப்படுவது. லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்து இத்துறை உலகெங்கும் பரவியது.

கேரளத்தில் வளர்ந்த முறை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் நிறுவப்பட்டது. கேரள நோயாளிகளோடு கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ் மக்களும் இம்மையத்தை நாடி வருகின்றனர். 1993-இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த் தணிப்புச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார். அதன் பயிற்சி நிலையமான திருவனந்தபுரம் நோய்த் தணிப்பு அறிவியல் நிறுவனத்தை உலக சுகாதார நிறுவனம் 2012-இல் தன் கூட்டுறவு மையமாக ஏற்றது.

இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, 2008-இல் கேரளம் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அது 2019-இல் திருத்தியமைக்கப்பட்டது. இப்பணியை ஊராட்சிகளிடம் ஒப்படைத்ததே கொள்கையின் உயிர்நாடி. பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியின் வீட்டிற்கே செல்கிறார். புண்ணைத் துடைத்துக் கட்டுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, குடும்பத்தினருக்குப் பேணும் முறையைக் கற்பிப்பது ஆகியவை அவர் பணிகள். அண்டை அயலாரான தொண்டர்கள் அவருக்குத் துணை நிற்கின்றனர். மரணம் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் இம்முறையைச் சிறந்த முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

வலிநீக்கமும் சட்டமும்

கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் இன்றியமையாத மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த வலிநீக்கப் படிகளில் அது உச்சப் படியில் இடம் பெற்றது. ஆனால், நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடும் நிபந்தனைகளால் மருத்துவமனைகள் அதனை வாங்கவே தயங்கின. சட்டப்படி அபினி விளைவிக்கும் நாட்டிலேயே மார்ஃபின் பயன்பாடு 1997-இல் வெறும் 18 கிலோகிராமாகச் சுருங்கியது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி முறையை எளிதாக்கியது. ஆயினும், திருத்தத்தை அறியாத அலுவலர் ஒருவரின் தயக்கம் ஒரு மாவட்டத்து நோயாளிகளின் வலியை நீட்டிக்கக் கூடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கல்லீரல் நோயாளியைப் பேணுவதில் சில தனிக் கூறுகள் உண்டு. நலிந்த கல்லீரல் மருந்துகளை மெதுவாகவே கழிக்கும். ஆகவே, மார்ஃபினைக் குறைந்த அளவில் தொடங்கி, கூடுதல் இடைவெளி விட்டுக் கொடுப்பது மருத்துவர் வழக்கம். பாராசிட்டமாலும் பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகலாகாது. ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்தல் வேண்டும். அவை இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். "மஞ்சள் காமாலைக்கு" என்று விற்கப்படும், சேர்மானம் அறியாத பொடிகளும் இலேகியங்களும் தீங்கை மிகுவிக்கலாம்.

நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ, இடம் காலம் தெரியாமல் பேசினாலோ, அதை முதுமைத் தடுமாற்றம் எனக் கருதிவிடக் கூடாது. கல்லீரல் வடிகட்டாத நச்சுப் பொருள்கள் மூளையைப் பாதிப்பதன் அடையாளம் அது. மலச்சிக்கல் இதனை மோசமாக்கும். நாள்தோறும் இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகுமாறு மருத்துவர் லாக்டுலோஸ் மருந்தைத் தருவது இதற்காகவே. தூக்க மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தல் ஆபத்தானது. இரத்த வாந்தியோ கரிய மலமோ கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

வயிற்றில் நீர் கோத்தவர் ஒரு வேளைக்கு நிறைய உண்ண இயலாது. கஞ்சி, குழைந்த சோறு, மோர், பருப்பு, முட்டை என விரும்பியதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். பசியின்மை நோயின் விளைவே. மகனோ மகளோ ஊட்டத் தவறியதால் வந்ததன்று. கடைசி நாள்களில் வற்புறுத்தி ஊட்டுவது புரையேறச் செய்யும். அப்பொழுது உதட்டையும் வாயையும் ஈரத் துணியால் நனைத்து வைத்தலே போதிய பணிவிடையாகும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் பெரிதும் தடுக்கப்படும்.

உண்மையும் உரிமையும்

தந்தையிடம் நோயின் பெயரைக் கூறாமல் மறைப்பது நம் குடும்பங்களில் பரவலாகக் காணப்படுகிறது. அன்பினால் செய்யப்படுவதே எனினும், அது அவரைத் தனிமைப்படுத்துகிறது. உடல் தளர்வதை அவர் தாமே அறிவார். ஆனால் பேசுவதற்கு ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் உரைக்க வேண்டியதில்லை. "உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அப்பா?" எனக் கேட்டு, அவர் அறிய விரும்பும் அளவுக்கு அறியச் செய்வதே முறை. நிலம், கடன், மகள் திருமணம் போன்றவை பற்றி முடிவு கூறவும், உறவினரைக் காணவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

உயிர்காக்கும் கருவிகள் தமக்கு வேண்டா என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது; 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். அலுவலர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பேணுவோரின் நலன்

பணிவிடையின் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர் மீதே விழுகிறது. அவர்களுடைய உறக்கமும் ஊதியமும் குலைவதை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை. இதனை உணர்ந்த கேரளம், படுத்த படுக்கையான நோயாளிகளைப் பேணுவோருக்கென ஆசுவாசகிரணம் என்னும் உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. குடும்பத்தினர் முறை வைத்து இரவில் விழித்திருப்பதும், தொண்டர் வரும் பொழுதில் பேணுபவர் ஓய்வு கொள்வதும் வேண்டும்.

மற்றொரு கடமையும் உண்டு. நோய்க்குக் காரணம் ஹெபடைடிஸ் பி எனில், மனைவி மக்கள் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவருக்குத் தடுப்பூசி உண்டு. தொற்று உள்ளவருக்குச் சிகிச்சையும் தொடர் பரிசோதனையும் உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இவற்றைக் கட்டணமின்றி வழங்குகிறது. தந்தையின் நோய் தலைமுறையைத் தொடராமல் தடுப்பது இதனால் கைகூடும்.

எல்லைக்கு இப்பால்

திருவனந்தபுரத்தில் நோயின் முடிவைக் கேட்டறிந்து நாகர்கோவிலுக்குத் திரும்பும் குடும்பத்தின் நிலை என்ன? கேரள ஊராட்சியின் செவிலியர் மாநில எல்லையைக் கடந்து வர இயலாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுவழி நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் உள்ளடக்கியது ஆகும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே நோயாளியின் ஊருக்குரிய சுகாதார நிலையத்திற்குத் தமிழில் எழுதிய குறிப்பும் மருந்து விவரமும் சென்று சேர்ந்தால் இரு மாநிலப் பணிகளும் இணையும். இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு கடிதமும், அதைப் பெற்றுச் செயல்படும் அலுவலரும் போதும்.

பெற்றோரைப் பேணுதல் மக்களின் கடமை என்பது நம் மரபு. 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை வலியுறுத்துகிறது. ஆனால், வலிநீக்க மருந்தைப் பிள்ளைகள் தாமே உண்டாக்க முடியாது; செவிலியரின் திறனை ஓரிரவில் பெறவும் முடியாது. குடும்பத்தின் அன்புக்கு ஊராட்சியின் ஏற்பாடும் அரசின் மருந்தும் துணை சேரும்போதுதான் அக்கடமை நிறைவேறத்தக்கதாகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அத்துணை கிடைக்கச் செய்வதே திட்டமிடுவோர் முன்னுள்ள பணியாகும்.