நிலைவேகமும் நிலையான கவனமும்

நுழையும்முன்

மனிதன் தன் உழைப்பின் ஒரு பகுதியைக் கருவிகளிடம் ஒப்படைத்தே வளர்ந்திருக்கிறான். அவ்வாறு ஒப்படைத்தபின் அவனிடம் எஞ்சும் பொறுப்பு யாது? கைமுறைக் கியர் கொண்ட மகிழுந்தில் அமைந்துள்ள வேக நிலைப்படுத்தி இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் ஓட்டுநர் உரிமம் பெறவிருக்கும் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி இது.

பார்வையற்றவர் கண்ட வழி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்த ரால்ஃப் டீட்டர் (1890–1982) ஐந்து வயதில் நேர்ந்த விபத்தினால் பார்வையை இழந்தார். எனினும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். அவர் பயணம் செய்த மகிழுந்தை ஓட்டிய வழக்கறிஞர் பேசும்போது வேகத்தைக் குறைப்பதும், பிறர் பேசுவதைக் கேட்கும்போது கூட்டுவதுமாக இருந்தாராம். அந்த ஏற்றத்தாழ்வை உடலால் உணர்ந்த டீட்டர், வேகத்தை நிலைநிறுத்தும் கருவியொன்றை உருவாக்க முனைந்தார் என்பர். அவரது கருவிக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958ஆம் ஆண்டு மாதிரிகளில் கிரைஸ்லர் நிறுவனம் அதனைப் பொருத்தியது. இன்று ‘குரூஸ் கன்ட்ரோல்’ என வழங்கும் வசதியின் தொடக்கம் இதுவே.

இயங்கும் முறை

ஓட்டுநர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பொத்தானை அழுத்துகிறார் எனக் கொள்வோம். கருவி அவ்வேகத்தை நினைவிற்கொள்கிறது. உண்மையான வேகம் அதனினும் குறைந்தால் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது. விளைவை அளந்து, அதற்கேற்பச் செயலைத் திருத்திக்கொள்ளும் இம்முறையைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பர். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவிப் பொறியில் பொருத்திய சுழல் கட்டுப்படுத்தியும் இதே நெறியில் இயங்கியதே.

மூன்றாம் மிதியின் பணி

தானியங்கிக் கியர் ஊர்தியில் முடுக்கி, பிரேக் என இரண்டு மிதிகளே உள்ளன. கைமுறைக் கியர் ஊர்தியில் கிளட்ச் மிதியும் உண்டு. அதனை அழுத்தியவுடன் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள இணைப்பு விலகுகிறது. அந்நிலையிலும் கருவி தொடர்ந்து இயங்கினால் என்னாகும்? வேகம் குறைவதைக் கண்டு அது மேலும் ஆற்றலைக் கூட்டும். சுமையற்ற எஞ்சினோ அளவுக்கு மீறிச் சுழன்று இரையும். இதனைத் தடுக்கவே கிளட்ச் மிதியில் ஓர் உணரி பொருத்தப்படுகிறது. மிதி அழுத்தப்பட்டதும் அது கருவியின் செயலை நிறுத்துகிறது. பிரேக்கை மிதித்தாலும் கருவி விலகிக்கொள்ளும். சில புதிய ஊர்திகளில் மட்டும் விரைவான கியர் மாற்றத்துக்குப் பின்னர்க் கருவி தானே பணியைத் தொடர்கிறது.

மேடும் பள்ளமும்

ஐந்தாம் கியரில் செல்லும் ஊர்தி ஒரு மேட்டை எதிர்கொள்கிறது. கருவி எஞ்சினை முழு ஆற்றலுடன் இயக்க முயலும். ஆனால் கியரைக் குறைக்க அதனால் இயலாது. எஞ்சின் திணறத் தொடங்குமுன் ஓட்டுநரே கிளட்சை அழுத்தி நான்காம் கியருக்கு மாற்றவேண்டும். பின்னர் மீள்தொடக்கப் பொத்தானை அழுத்தினால் ஊர்தி பழைய வேகத்தை நோக்கிச் செல்லும். வேகம் மிகக் குறைந்திருக்கையில் உயர்ந்த கியரில் இருந்தவாறே இப்பொத்தானை அழுத்துவது எஞ்சினை வருத்தும்.

இறக்கத்தில் நிலைமை வேறு. சாதாரண வேக நிலைப்படுத்தி எஞ்சினின் ஆற்றலைக் குறைக்குமேயன்றிப் பிரேக்கை இயக்காது. எனவே, நெடிய இறக்கத்தில் ஊர்தி குறித்த வேகத்தைக் கடந்துவிடக்கூடும். கருவியை விலக்கி, தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினின் தடுப்பாற்றலைப் பயன்படுத்துவதே முறையாகும்.

ஒப்படைக்கக் கூடாதது

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. சாலையைக் கடக்க முனையும் முதியவரையோ, வழியில் நிற்கும் மாட்டையோ சாதாரண நிலைப்படுத்தி அறியாது. மழைநீர் தேங்கிய சாலையில் டயர்கள் பிடிப்பை இழக்கக்கூடும். அங்கே வேகத்தைத் தணிக்கவேண்டும் என்பதை உணர்வது ஓட்டுநரின் அறிவே. ஆதலால் மழையிலும், நெரிசலிலும், வளைவுகள் மிகுந்த மலைப்பாதையிலும் இக்கருவியைப் பயன்படுத்தலாகாது.

மற்றோர் இடரும் உண்டு. காலுக்கு வேலை குறையும்போது மனமும் தளர்ந்து உறக்கம் நெருங்கக்கூடும். கால் ஓய்ந்தாலும் பிரேக் மிதிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். கண் சாலையைவிட்டு விலகுதல் கூடாது.

குறித்த வேகத்தைக் காப்பது கருவியின் பணி. அவ்வேகம் இவ்விடத்திற்கு, இப்பொழுதிற்குத் தகுந்ததா என எண்ணிப் பார்ப்பது மனிதனின் பணி. முன்னதைக் கருவியிடம் தரலாம். பின்னதைத் தருவோமாயின், நம்முடன் பயணிப்போரின் உயிரையும் எதிரே வருவோரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைத்தவராவோம்.

கற்பவை கற்றபின்

1. பின்னூட்டக் கட்டுப்பாட்டில் இயங்கும் வீட்டுக் கருவிகள் இரண்டைக் கண்டறிந்து, அவை இயங்கும் முறையை விளக்குக.
2. ‘கருவிகள் பெருகப் பெருக மனிதனின் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.