பீடத்துப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு



ஞாயிறு பூசைக்கு மணியடித்ததும், குருவானவருக்கு முன்னே வெள்ளை உடுப்போடு வரிசையாய் வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "சின்னச் சாமியார் வருகிறார்" என்று பாட்டிமார் மெச்சிக்கொள்வதுண்டு. அன்பினால் சொல்லுகிற சொல்தான். ஆனால் அந்த உடுப்பு உண்மையில் யாருடையது என்று சற்றே விசாரிப்போம்.

கழுத்துமுதல் கணுக்கால்வரை விழுகிற வெள்ளங்கிக்கு லத்தீனில் ஆல்பா என்று பெயர். வெண்மையானது என்பதே பொருள். பழைய ரோமாபுரியில் ஜனங்கள் அன்றாடம் அணிந்த நீள் அங்கியிலிருந்து வந்தது. ஊர் வழக்கத்தில் உடைகள் மாறியபின்பும், திருச்சபை கோவிலுக்குள் இதை விடாமல் வைத்துக்கொண்டது. மேற்றிராணியாரும் குருவானவரும் பூசையுடுப்பின் அடியில் அணிவது இதுவே. இடுப்பில் கட்டும் கயிறு அங்கி தடுக்காமல் இருப்பதற்காக ஏற்பட்டது; கற்புக்கும் தன்னடக்கத்துக்கும் அடையாளமென்று பிற்காலத்தார் சொன்னார்கள்.

வெள்ளை ஏன்? உங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வார்த்தபின், ஞானத்தாய் கொண்டுவந்த வெள்ளைத் துணியைக் குழந்தைமேல் போர்த்தினார்கள் அல்லவா? ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துநாதரையே உடுத்திக்கொண்டவர்கள் என்று அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் கற்பிப்பதன் அடையாளம் அது. பீடத்தண்டை நிற்கிற பிள்ளை உடுத்தியிருப்பது அந்தத் துணியைத்தான். ஆகையால் அது உங்களுடையது, என்னுடையது, கடைசி வரிசையில் தூணோரம் நிற்கிற கிழவருடையது.

முழங்காலளவு நிற்கிற குட்டை வெள்ளங்கியாகிய சர்ப்ளிசின் கதை வேடிக்கையானது. ரோமத்தோல் உடைக்கு மேலே அணிவது என்று அதன் லத்தீன் பெயருக்குப் பொருள். வட ஐரோப்பாவில் பனிக்காலத்துக் கோவில்களில் குளிர் தாங்காமல் தோலுடை போட்டுக்கொண்டு ஜெபித்த குருக்கள், அதன்மேல் தாராளமாய் அணிவதற்குத் தைத்துக்கொண்டது. நம் ஆத்தூர் சித்திரை வெயிலில் ரோமத்தோலை நினைத்தாலே வியர்க்கிறது! முன்னாட்களில், குருப்பட்டத்துக்குப் போகிறவனுக்கு முடி கத்தரிக்கும் சடங்கில் மேற்றிராணியார் இதை உடுத்துவார். பாப்பரசர் ஆறாம் பவுல் 1972-ம் ஆண்டில் அந்தச் சடங்கை நிறுத்திவிட்டார். "சின்னச் சாமியார்" என்கிற எண்ணம் இதனால் வந்திருக்கலாம். உள்ளே அணியும் அங்கியின் சிவப்பும் கறுப்பும் வழக்கத்தைச் சேர்ந்தவை. அதைப்பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை.

குருவானவர் தோளில் இடும் ஸ்தோலை மட்டும் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. பட்டம் பெறாதவர்கள் அதை அணியலாகாதென்று ரோமாபுரி 1997-ம் ஆண்டில் திரும்பவும் கண்டிப்பாய் எழுதியது. விழாவன்று பிள்ளைக்கு அழகாயிருக்குமென்று ஸ்தோலைபோல் பட்டுத் துண்டைத் தைத்து அனுப்புகிற தாய்மார் இதைக் கவனிக்கவும்.

உடையும் போதிக்கும் என்பது நம் சீமைக்குப் புதிதல்ல. 1623-ம் ஆண்டில் மதுரையைவிட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்த தத்துவ போதகராகிய ராபர்ட் தே நோபிலி சுவாமியார், அதற்கு வெகு முன்பே காவியுடுத்திச் சந்நியாசிபோல் வாழத் தொடங்கியிருந்தார். இத்தேசத்துக்கேற்ற உடை பீடத்திலும் இருக்கலாமென்று, 1969-ல் ரோமாபுரி அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் அங்கவஸ்திரமும் இடம்பெற்றது. 1994 முதல், மேற்றிராணியார் சம்மதித்த இடங்களில் பெண்பிள்ளைகளும் பூசைக்கு உதவலாம். ஞானஸ்நானத்தில் அவர்களுக்கு வேறு நிறத் துணியா போர்த்தினோம்?

ஒன்று சொல்ல மனம் வருந்துகிறது. வேறொரு பங்கில், நான் சிறுவனாயிருக்கையில், சரிகை வைத்த சொந்த அங்கியோடு சில பிள்ளைகள் வந்தார்கள். கோவில் அங்கிகளில் ஒன்றும் தன் அளவுக்குச் சேராமல், கிழிந்த சட்டையோடு ஒருவன் திருவுடை அறை வாசலில் நின்றான். "போய் ஜனத்தோடு உட்கார்" என்றார்கள். அவன் பிறகு வரவேயில்லை. கிழிசலை மறைத்து, கூலிக்காரர் மகனையும் கடைக்காரர் மகனையும் ஒன்றாய்க் காட்டவேண்டிய துணியே அன்று அவர்களைப் பிரித்துவிட்டது.

ஆகையால் தாய்மாருக்கு ஒரு விண்ணப்பம். அங்கிகளை வீட்டுக்கு வீடு முறைவைத்து வெளுத்துத் தாருங்கள். அவரவர் பிள்ளையினுடையதை மட்டும் அல்ல. மெழுகுக் கறையைச் சுரண்டியபின், காகிதம் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் மெழுகு காகிதத்தில் ஏறிவிடும். கஞ்சிக்கு நம்மூர் ஜவ்வரிசியே போதும். நீர்க்கக் காய்ச்சுங்கள், மொடமொடவென்றிருந்தால் பிள்ளைகள் முழங்காலிட முடியாது. ஓரத்தில் நான்கு விரற்கடை மடிப்பு விட்டுத் தையுங்கள். பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். அவனுக்குப் பிறகு வருகிறவனுக்குத் திரும்ப மடித்துத் தைக்கலாம்.