தென்கடல் தீவுகள்

நுழையும்முன்

காடு என்றதும் மலையும் மரமும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையிலோ நீருக்கடியில் ஒரு காடு உள்ளது. அதைக் காணச் செல்வோர், அக்காட்டின் காப்பால் வாழ்வோர் யார், வருந்துவோர் யார் என்னும் வினாவையும் எதிர்கொள்கின்றனர்.

இரு கடல்களுக்கு இடையே

மண்டபத்திலிருந்து பாம்பன் நோக்கிச் செல்லும் பேருந்து சாலைப்பாலத்தின் உச்சியை அடையும்போது இருபுறமும் கடல் விரிகின்றது. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. நீர் ஒன்றுதான், இயல்பு வேறு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் திங்கள்களில் தென்கடல் சீறும். வடகடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலை தலைகீழாகும். எந்தக் கடலில் படகிறக்குவது என்பதைக் காற்றைக் கொண்டே இங்குள்ள மீனவர் முடிவு செய்கின்றனர்.

தென்கடலில், பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சிறு தீவுகளின் வரிசை ஒன்று உண்டு. இருபத்தொரு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளுள் பெரியது மண்டபத்தை அடுத்த முயல்தீவு. அதன் பரப்பே ஏறத்தாழ 130 ஹெக்டேர்தான். ஆதலின், இப்பூங்காவின் செல்வம் நிலத்தில் இல்லை; நீரில் உள்ளது.

நீருக்கடியில்

பாம்பன் தீவின் தென்மேற்கு முனையில் உள்ளது குந்துகால். மேலை நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் இது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் எவரும் கால்வைக்க இயலாது.

குருசடையின் கரை மணல், உடைந்த பவளத் துண்டுகள் கலந்தது. இம்மணலில் வாழும் புழுப்போன்ற பலனோகிளாசஸ் என்னும் உயிரி, முதுகெலும்பற்றவற்றையும் முதுகெலும்புள்ளவற்றையும் இணைக்கும் கண்ணியாக அறிஞர்களால் நெடுங்காலம் கருதப்பட்டது. விலங்கியல் மாணவர்கள் இத்தீவைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பவளத்தைப் பாறை என்கிறோம். உண்மையில் அது சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒவ்வோர் உயிரும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றது. அதன் உடலுக்குள் தங்கும் நுண்பாசி ஒளியைக்கொண்டு உணவாக்கி வீட்டு வாடகையைச் செலுத்துகின்றது. கடல்நீரின் வெப்பம் மிகுந்தால் இவ்வுறவு முறிந்து பாசி வெளியேற, பவளம் வெளுக்கின்றது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெருமளவில் வெளுப்பு நிகழ்ந்தது. பவளத்திட்டுகளுக்கு அப்பால் கடற்புல் வெளிகள் உள்ளன. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேயும் நிலம் அவை. ஒரு முறைக்கு ஒரு கன்றே ஈனும் அவ்விலங்கு, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

மூழ்கியவை

இருபத்தொரு தீவுகள் என்பது ஏட்டுக் கணக்கு. கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குச்சல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் தேவைக்காகவும் பல்லாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. அலையின் விசையை முதலில் தாங்குவது பவளத்திட்டே. அது போனபின் மணல்தீவு எத்தனை நாள் நிற்கும்? 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தேய்ந்துகொண்டிருந்த வான்தீவின் முன்னே 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டு அரிப்பு தணிக்கப்பட்டது.

பாசி எடுக்கும் பெண்கள்

பூங்கா அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே இத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்தவர்கள் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மீனவப் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்குவார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை எனப் பாசிக்கு அவர்கள் இட்ட பெயர்கள் தனி. எல்லை வகுக்கப்பட்டதும் தாய்வழியாக வந்த தொழில் அத்துமீறலாகிவிட்டது. பவளம் வெட்டியவருக்கும் பாசி பறித்தவருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு மங்கிப்போனது பொருத்தமன்று.

மாற்றுத் தொழிலாக அயல்நாட்டுப் பாசியான கப்பாபைகசு இக்கடற்பகுதியில் வளர்க்கப்பட்டது. வருவாய் கிடைத்தது, ஆயினும் அப்பாசி குருசடையின் பவளங்கள்மீது படர்ந்து அவற்றை மூடத் தொடங்கியது. நன்மை கருதிச் செய்த ஏற்பாடே பூங்காவுக்குள் புகுந்த கேடாயிற்று.

பெண்கள் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு வேறு வகையானது. திங்களுக்குப் பன்னிரண்டு நாள்களே கடலிறங்குவது. உலோகச் சுரண்டியைத் தவிர்த்துக் கையால் பறிப்பது. மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் ஒதுங்கியிருப்பது. வேரை விட்டுப் பறித்தால்தான் பாசி மீண்டும் தளிர்க்கும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவர், தம் மக்களின் உரிமைக்காகவும் கடலின் காப்புக்காகவும் உழைத்தமைக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசைப் பெற்றார்.

படகிலிருந்து இறங்கி ஊர்வழியே திரும்பும் பயணி, மணலில் பரப்பிய பாசி வெயிலில் உலர்வதைக் காணலாம். அது மதுரைப் பகுதி ஆலைகளுக்குச் சென்று அகர் ஆகி, பனிக்கூழிலும் மருந்திலும் சேர்கின்றது.