விக்கியில் எழுதப் போறியா, தங்கச்சி?

தமிழ் விக்கிப்பீடியாவில் நம்ம ஊரைப் பற்றி ரெண்டே வரிதான் இருக்கு என்று அங்கலாய்க்கிறாயே, அந்த ரெண்டு வரியையும் உன்னைப் போல் ஒருவர்தான் எழுதியிருப்பார். 2003-ல் தொடங்கி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய களஞ்சியம் அது. பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்களின் உழைப்பு. மூன்றாவது வரியை நீ எழுது.

எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை வேண்டாம். கணக்குத் திறந்துகொள், புனைபெயரே போதும். படிக்கும்போது கண்ணில் படுகிற ஒற்றுப்பிழையைத் திருத்து, அதற்குப் பஞ்சமே இருக்காது. கிறுக்கிப் பழக மணல்தொட்டி இருக்கிறது. கெடுத்துவிடுவோமோ என்று பயப்படாதே. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் பதிவாகிறது. பழையபடி ஆக்குவது நொடி வேலை.

பலரும் கோபித்துக்கொண்டு கிளம்பும் இடம், சான்று. "எங்க தாத்தா சொன்னார்" என்பது அங்கே செல்லாது. தாத்தா சொன்னது நிஜமாகவே இருக்கட்டும், படிக்கிறவர் அதைச் சரிபார்க்க வழி வேண்டாமா? ஏரியைப் பற்றி எழுதினால் மாவட்ட கெஜட்டியரைத் தேடு. கோயில் என்றால் கல்வெட்டுத் தொகுதி, மக்கள்தொகை என்றால் சென்சஸ். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. இலங்கை விஷயங்களுக்கு 'நூலகம்' தளம். பக்க எண்ணையும் சேர்த்துக் கொடு. ஆனால் வரிகளை அப்படியே ஒட்டாதே, உன் நடையில் எழுது. பத்திரிகைச் செய்தியைச் சான்றாக்கும்போது ஒரு சந்தேகம் இருக்கட்டும்: அந்த நிருபரே விக்கியைப் பார்த்து எழுதியிருக்கலாம்!

இந்த விதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அச்சில் ஏறாத கைத்தொழிலும் ஊர் வழக்கும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் தாத்தா பேச்சைப் போனில் பதிந்து தனியே வைத்துக்கொள். யாராவது ஆய்வு செய்து புத்தகம் போட்டால் உள்ளே வர வழி பிறக்கும்.

நீ எழுதியதை ஒருவர் நீக்குவார், நிச்சயம். உடனே மறுபடி போட்டு மல்லுக்கட்டாதே. பேச்சுப் பக்கத்துக்குப் போய், "எந்தச் சான்று போதவில்லை, சொல்லுங்கள்" என்று கேள். எதிரில் இருப்பவர் யாழ்ப்பாணத்து ஆசிரியராக இருக்கலாம், கோவைக் கல்லூரி மாணவியாக இருக்கலாம். முகம் தெரியாதவரிடம் 'நீங்கள்' என்றே பேசு. பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும். பொதுவான சந்தேகங்களை ஆலமரத்தடி என்ற பக்கத்தில் கேட்கலாம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் மட்டும் தீராத கதை; புதிதாக வந்தவள் அதில் தலையைக் கொடுக்காதே.

எழுத நேரமில்லையா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஏரி, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் என்று நாலு படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்று. நீயே எடுத்ததாக இருக்கட்டும், கூகுளில் கிடைத்தது ஆகாது. வீட்டு ஆட்கள் முகம் தெரியும் படமும் வேண்டாம். ஒருமுறை ஏற்றிவிட்டால், உன் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துப் பயன்படுத்தலாம்.